பந்தலூர் வட்டம்: சிக்கிள் செல் பரிசோதனை முடிவு கேட்டு மீண்டும் மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பந்தலூர், சேரம்பாடி பக்கம் தாங்கள் அறிந்ததுதான். பணியர், முள்ளுக்குறும்பர், வயநாடன் செட்டி, தோட்டத் தொழிலாளர் எல்லோரும் கலந்து வாழும் இடம். கீழ்நிலை அலுவலகங்களில் முன்பு கொடுத்த மனுக்களுக்கு ரசீது மட்டும் வந்தது.

1. இந்தியாவில் சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல் நம் நீலகிரியில். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டப்படி, 40 வயது வரை உள்ளவர்களுக்கு எங்கள் ஊரிலும் ரத்தம் எடுத்தார்கள். நன்றி.

2. முகாமில் செய்தது முதல் சோதனை. 'சிக்கிள் இருக்கிறது' என்று மட்டும் அது சொல்லும். நோயாளியா, நோயைச் சுமப்பவர் (தனக்கு நோய் இல்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்) மட்டுமா என்பது அடுத்த சோதனையில்தான் தெரியும். அதற்கு ரத்தம் அனுப்பியாயிற்று என்றார்கள். முடிவும் வரவில்லை, முடிவைக் குறித்துத் தரும் அட்டையும் வரவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் என் மகளுக்கு வலி வந்துவிடும். முழங்காலைக் கட்டிக்கொண்டு கத்துவாள், போர்வை பட்டாலும் தாங்கமாட்டாள். ராத்திரியில் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வி, "அட்டை இருக்கா?" இல்லை என்றால் சாதாரண உடம்பு வலி என்று ஓர் ஊசி, அவ்வளவுதான். இந்த வலி அடிக்கடி வராமல் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கேட்டால், நோய் உறுதியானால்தான் தருவார்களாம். உறுதி செய்ய வேண்டியது யார் ஐயா, நாங்களா?

3. பழங்குடிப் பட்டியலில் இல்லை என்று செட்டி வீடுகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் இந்த நோய் உண்டு. ரத்தத்துக்குப் பட்டியல் தெரியுமா?

4. தை பிறந்தால் கல்யாணப் பேச்சு. இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும், கர்ப்பமானால் முதல் மாதங்களிலேயே டாக்டரைப் பார்க்கட்டும். அதற்கும் அந்த அட்டைதான் வேண்டும். அப்புறம், முகாமில் பேசிய தமிழ் எங்கள் பணியர் பாட்டிகளுக்குப் பாதி புரியவில்லை. அவர்கள் பேச்சு தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

5. அட்டை, ஐயா. எடுத்த ரத்தத்தின் முடிவைத் தரச் சொல்லுங்கள். மாதிரி தொலைந்திருந்தால் அதையாவது சொல்லட்டும், மறுபடி கை நீட்டுகிறோம்.

அடுத்த மழைக்கு முன் அட்டை கிடைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில் ஒரு தாய்,
பந்தலூர் வட்டம்.

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்.