சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புரை நீக்கி வலது கண் கட்டைப் பிரித்த அன்று சுவரெல்லாம் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாய். ஆகாயத்துக்கு நீலம் போட்டுத் துவைத்த மாதிரி இருக்கிறது என்றும். அதைப் படித்துச் சிரித்தேன். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிவிடும், அது போய்ப் புதுசு வந்ததும் இத்தனை வருடம் வாசலில் நின்ற நீலம் மொத்தமும் உள்ளே வந்துவிடும். இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை என்பதால் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாமே. ஓவியர் மோனே 1923இல் ஒரு கண்ணுக்கு மட்டும் புரை நீக்கிக்கொண்டு, இரண்டு கண்ணும் இரண்டு நிறம் சொல்ல, எதை நம்புவது என்று தெரியாமல் திண்டாடினார். நீ பெரிய ஆள் வரிசையில்தான் சேர்ந்திருக்கிறாய்.

அடுத்த பத்தியில்தான் சண்டைக்கு இழுத்திருக்கிறாய். இனிமேல் தியேட்டரே வேண்டாம், பெரிய டிவி வாங்கிவிட்டேன் என்கிறாய். படி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை, பக்கத்து சீட்டுக்காரன் போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, காதைப் பிளக்கிற சத்தம், படம் தொடங்குவதற்குள் அரை மணி நேரம் விளம்பரம். எல்லாமே உண்மை. ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். என்னிடம் இன்னும் நாலைந்து குறை இருக்கிறது, வேண்டுமானால் சேர்த்துக்கொள்.

ஆனால் நீ அணுகுண்டு விஞ்ஞானியைப் பற்றிய 'ஓப்பன்ஹைமர்' படம் பார்த்த கதையை எழுதினாய் பார், அங்கேதான் உன் கட்சி தோற்றது. குண்டு வெடிக்கிறது, திரை முழுக்க நெருப்பு, சத்தத்தைக் காணோம். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து ரிமோட்டை எடுத்து நீ ஒலியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாய். அப்புறம் அது வந்து இடித்ததும் வீடே அலறியடித்து எழுந்திருக்கிறது. நண்பா, அது பழுது இல்லை. அந்த மௌனத்துக்காகத்தான் இயக்குநர் நோலன் அத்தனை நேரம் படத்தை ஏற்றிக்கொண்டு வருகிறார். ஒளி உடனே வந்துவிடும், ஒலி நடந்துதானே வர வேண்டும்? வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். 1945 ஜூலை 16 விடியற்காலையில் அந்த முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது கட்டுப்பாட்டு அறையே 9 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே நின்றவர்கள் முதலில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சுமார் அரை நிமிடம் ஒன்றும் கேட்காமல் நின்றிருப்பார்கள். படம் அந்த அரை நிமிடத்தை இன்னும் நீட்டிவிடுகிறது. மூச்சுச் சத்தம் மட்டும்தான். நான் பார்த்த அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. நிறைந்த அரங்கு, அத்தனை பேரும் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்து உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் இரண்டு காதையும் முன்கூட்டியே பொத்திக்கொண்டான். கெட்டிக்காரன்.

படத்தைப் பற்றி என்னைக் கேட்டால், மூன்று மணி நேரமும் பின்னணி இசை நம் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் ஏதோ நீளமான டிரெய்லர் பார்ப்பது போல இருந்தது. பெண் பாத்திரங்களை எழுதுவதற்கு நேரமே ஒதுக்கவில்லை. அந்த மௌனம் இல்லாவிட்டால் நான் இந்தப் படத்தை இவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்க மாட்டேன்.

இங்கே ஒரு சின்ன அரங்கில் வாரம் ஒரு படம் என்று கடந்த சில வருடங்களின் படங்களை மறுபடி போடுகிறார்கள். மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போன பிறகுதான் எனக்கே ஒன்று புரிந்தது. பெரிய திரைக்காகத்தான் தியேட்டருக்குப் போகிறேன் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திரை இல்லை. நான் போவது அந்த அமைதிக்காக. வீட்டில் அமைதி கிடைக்காதா என்பாய். கிடைக்கும். ஆனால் வீட்டு அமைதியில் நான் தனியாக இருக்கிறேன், எந்த நேரமும் எழுந்துபோய் அதைக் கலைத்துவிடலாம். நூறு பேர் சேர்ந்து சும்மா இருப்பது வேறு சமாச்சாரம்.

முதல் வாரம் 'பெர்ஃபெக்ட் டேஸ்'. 2023இல் வந்தது, ஜெர்மன்காரர் விம் வெண்டர்ஸ் ஜப்பானில் போய் எடுத்தது. டோக்கியோவில் பொதுக் கழிவறைகளைச் சுத்தம் செய்கிற ஒருவர், பெயர் ஹிராயாமா. காலையில் தெருவில் யாரோ துடைப்பத்தால் பெருக்கும் சத்தத்தில் கண் விழிக்கிறார். படுக்கையை மடிக்கிறார், மீசையைக் கத்தரிக்கிறார், செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார், வாசல் கதவைத் திறந்ததும் வானத்தை ஒரு பார்வை. மறுநாளும் இதேதான். அதற்கு மறுநாளும். மனிதர் பேசுவதே அபூர்வம். நடித்த கோஜி யகுஷோவுக்குப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள், கொடுக்காவிட்டால்தான் அதிசயம். கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டே போகிற அவர் முகத்தை மட்டும் நிமிடக் கணக்கில் காட்டுகிறார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று துரத்துகிறது. எதற்கு அழுகிறார் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது அது இல்லை. ஒரு கழிவறையின் இடுக்கில் மடித்த காகிதம் ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. யாரோ கட்டம் கிழித்து ஒரு குறி போட்டுவிட்டு, மறுபக்கத்து ஆட்டக்காரருக்காக வைத்திருக்கிறார்கள். இவர் கசக்கி எறியப் போகிறார், நிற்கிறார், தன் பங்குக்கு ஒரு குறி போட்டு அதே இடுக்கில் செருகுகிறார். மறுநாள் அங்கே பதில் இருக்கிறது. ஆட்டம் முடிகிறவரை அந்த ஆளை நாமும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் காட்சி.

குறை ஒன்று இருக்கிறது. அந்தக் கழிவறைகள் எல்லாம் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. கண்ணாடிச் சுவர், உள்ளே தாழ்ப்பாள் போட்டதும் வெளியே தெரியாமல் மங்கிவிடும், அந்த மாதிரி. அந்தக் கட்டடங்களைப் பற்றிக் குறும்படம் எடுக்கத்தான் வெண்டர்ஸை முதலில் கூப்பிட்டார்களாம். அதனாலோ என்னவோ, கழிவறை கழுவுகிற ஒரு மனிதரின் கதையில் இரண்டு மணி நேரமும் ஓர் அழுக்குக்கூட நம் கண்ணில் படவில்லை. அந்த வேலையை நிஜமாகச் செய்கிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று ஒரு கூத்தும் நடந்தது. பக்கத்து அரங்கில் ஏதோ சண்டைப் படம். இங்கே ஹிராயாமா செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார், அங்கே சுவருக்குப் பின்னால் கட்டடம் இடிகிறது. என் சீட்டே லேசாக அதிர்ந்தது. வெளியே வந்து புகார் சொன்னேன். தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு சரி.

அதனால் இரண்டாவது வாரம் என்ன ஆனது தெரியுமா? 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்'. ஜொனாதன் கிளேஸர் எடுத்த படம், அதுவும் 2023தான். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹூஸ், அவன் மனைவி, பிள்ளைகள். முகாமின் மதிலை ஒட்டியே அவர்கள் வீடு. பூந்தோட்டம், நீச்சல் தொட்டி, பிறந்தநாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் கொடுமையைக் கிளேஸர் காட்டவே இல்லை. கேட்கத்தான் முடிகிறது. ரயில், நாய், துப்பாக்கி, யாரோ கத்துவது, எல்லாவற்றுக்கும் அடியில் ஓயாத ஓர் உறுமல். வீட்டுக்குள் ஆங்காங்கே கேமராக்களை ஒளித்து வைத்து, படக்குழுவினர் யாரும் உள்ளே நிற்காமல் நடிகர்களை நடமாட விட்டு எடுத்தார்களாம். படம் தொடங்கும்போது திரை கறுப்பாகவே இருக்கிறது, இசை மட்டும். நிமிடங்கள் போகின்றன. எனக்கு முன்வரிசையில் ஒருவர் திரும்பி, படம் ஓடுகிற அறையைப் பார்த்தார். உன் ரிமோட் ஞாபகம் வந்தது.

கேள், இதுதான் உனக்குச் சொல்ல வந்தது. அந்த உறுமல் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. மறுபடி பக்கத்து அரங்கின் சண்டைப் படம் என்று நினைத்துவிட்டேன். போன வாரம் அவ்வளவு சொல்லியும் இவர்கள் ஒன்றும் செய்யவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது, மறந்தும் போய்விட்டேன். ஹூஸின் மாமியார் வந்து தங்குகிறாள், மகளின் தோட்டத்தைப் பார்த்துப் பூரிக்கிறாள். ராத்திரி எழுந்து ஜன்னல் வழியே, மதிலுக்கு அப்பால் பிணம் எரிக்கும் உலைகளின் சிவந்த வெளிச்சத்தைப் பார்க்கிறாள். விடிந்தால் ஆளைக் காணோம். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்த உறுமல் படத்துக்குள்ளிருந்து வருகிறது. நான் பக்கத்து ஹாலின் தொல்லை என்று ஒதுக்கி வைத்து, பழகி, மறந்தே போன சத்தம். அவளால் அதற்குப் பழக முடியவில்லை, எனக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது. விளக்கு போட்டபிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. அதில் கொஞ்சம் நிஜமாகவே பக்கத்து அரங்கிலிருந்தும் வந்திருக்குமோ? தெரிந்துகொள்ள வழியில்லை. 2024இல் ஒலிக்கான ஆஸ்கருக்குப் போட்டியில் 'ஓப்பன்ஹைமரும்' இருந்தது. அணுகுண்டை விட்டுவிட்டு இந்த மதில்சுவருக்குத்தான் விருதைக் கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனோடு முப்பரிமாணப் படம் ஒன்றும் பார்த்தேன். அந்தக் கண்ணாடியைப் போட்டாலே திரையின் வெளிச்சத்தில் பாதிகூடக் கண்ணுக்கு வந்து சேருவதில்லை. தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

இருட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பிலிம் காலத்தில் வினாடிக்கு 24 படம், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நகரும்போது ஷட்டர் சுழன்று வெளிச்சத்தை மறைக்கும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பாதி நேரம் திரையில் ஒன்றுமே இருந்திருக்காது. நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்த படங்களில் பாதி நேரம் வெறும் இருட்டைத்தான் பார்த்திருக்கிறோம். டிக்கெட் காசில் பாதியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது வாரம், அதாவது போன வாரம், பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்'. 30 வருடத்துக்குப் பிறகு கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம், 2024இல் அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்சுகள், பிரபாவும் அனுவும், ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய சிநேகிதி பார்வதி அதே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செய்கிறவள். அவள் இருக்கும் இடத்தை இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறார்கள். பிரபாவின் புருஷன் ஜெர்மனிக்குப் போனவன், பேச்சே இல்லை. ஒருநாள் தபாலில் ஒரு சிவப்பு ரைஸ் குக்கர் வருகிறது. ஜெர்மனியில் செய்தது, கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. ராத்திரி அனு தூங்கியபிறகு பிரபா அந்தக் குக்கரைத் தரையில் வைத்து, கையாலும் காலாலும் சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி அழவில்லை, முகத்தில்கூட எதையும் பெரிதாகக் காட்டவில்லை. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அரங்கில் யாரோ ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார், அது நானாகவும் இருக்கலாம்.

பிற்பாதியில் மூவரும் பார்வதியின் கடற்கரைக் கிராமத்துக்குப் போனதும் கதை கனவு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பகுதியில் எனக்கு ஒட்டவில்லை. உனக்கு ஒட்டும் என்று நினைக்கிறேன், நீதான் இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு முன்பே விழுந்துவிடுகிறவன்.

உன்னை இந்தப் படத்துக்கு இழுப்பதற்குக் காரணம் குக்கர் இல்லை. முதல் பாதி முழுக்க மழைக்கால மும்பை, ராத்திரி, அத்தனையும் நீலம். குடை நீலம், ரயில் ஜன்னல் நீலம், நர்சுகளின் உடை நீலம். கூட்டம் இருக்கிறதால் வரும் வாரமும் இதையே போடுகிறார்களாம். டாக்டரிடம் கேட்டுக்கொள், சரி என்றால் வா. இடது கண்ணுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் வந்துவிடு, அது முக்கியம். எப்போதும் போலக் கடைசி வரிசைக்கு இழுக்காதே. ஒலியைச் சரிபார்க்கிறவர்கள் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் போய் நின்றுதான் கேட்பார்கள், அந்த வரிசையில் உன் முழங்காலுக்கு ஓர சீட்டு வாங்கிவிடுகிறேன். முடிவை முன்கூட்டியே கண்டுபிடித்து என் காதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

அந்த ரயில் காட்சி வரும்போது வலது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் பார், அப்புறம் இடதை மூடிக்கொண்டு கொஞ்சம் பார். அது நிஜத்தில் எவ்வளவு நீலம் என்று எனக்குச் சொல். எனக்கு இன்னும் பழைய லென்ஸ்தான்.

அன்புடன்,
உன் பக்கத்து சீட்டுக்காரன்