சின்ன அரங்குகளையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் ராக் இசைக்குழுவான ஒயாசிஸ் 2025இல் மீண்டும் மேடையேறியது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். 1996இல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்த அவர்கள் கச்சேரிக்கு இரண்டே நாளில் இரண்டரை லட்சம் பேர் திரண்டதை எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் 1993 மே மாதம், கிளாஸ்கோவில் சுமார் 300 பேர் மட்டுமே கொள்ளும் கிங் டட்ஸ் அரங்கில்தான் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஆலன் மெக்கீ ஒயாசிஸைக் கண்டெடுத்தார். ஷெஃபீல்டின் பல்ப் குழுவோ 1978இல் தொடங்கி, 1995இல்தான் பெரும்புகழ் பெற்றது. இப்படிப்பட்ட குழுக்களை வளர்த்தவை சின்ன மேடைகள்தான்.

மான்செஸ்டரில் படித்தபோது நான் பாட்டுக் கேட்கப் போன மதுக்கூட மாடி, இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. மைதானக் கச்சேரி டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டைச் சிறு அரங்குகளுக்கு ஒதுக்கும் யோசனை பிரிட்டனில் பேசப்படுகிறது. அதைச் சட்டமாக்க வேண்டும். தாங்களும் அதுபற்றி விரிவாக எழுத வேண்டும்.

இசை ரசிகர் ஒருவர், திருச்சி