குரோமர் படகுக்காரர்களுக்கு

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

மகன் நன்றாக இருக்கிறான். திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் போய்விட்டான். அங்கே இப்போது அவன்தான் கதாநாயகனாம். காற்றடைத்த மிதவையோடு அவன் கடலுக்குள் போனதும், படகுக்காரர்கள் மீட்டு வந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும், விவரமாக மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. இங்கிலாந்துக் கடற்கரை ஊரான குரோமரின் லைஃப்போட் (கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் படகு) நிலையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை அனுப்பினேன். எட்டு வரியோடு நின்றுவிட்டது. மீதி தமிழில்தான் வருகிறது.

முதலில் சாக்ஸ் விஷயம்.

படகு கிளம்பிப் போன பிறகு கரையில் நிற்கிற தகப்பனுக்கு ஒரு வேலையும் இல்லை. அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. கல் குத்தி இரண்டு பாதத்திலும் ரத்தம். லைஃப்போட் மியூசியத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். என் தோளைப் பிடித்துப் படிக்கட்டில் உட்கார வைத்தார். அப்புறம், நான் சுதாரிப்பதற்குள், முட்டி போட்டு என் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, கைக்குட்டையால் மண்ணைத் துடைத்து, சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட ஆரம்பித்தார்.

பெரியவர்கள் காலில் விழுந்துதானே நமக்குப் பழக்கம்? பெரியவர் ஒருவர் நம் காலைத் தொட்டால் பதறிவிடுவோம். காலை இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. தலை நிமிராமலே, "பையனுக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "ஹென்றி ப்ளாகுக்கும் தெரியாது" என்றார். யார் அது என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. இடது கால் முடிந்து வலது காலுக்கு வந்தார். குதிகால் சரியாக உட்காரும்வரை இழுத்து இழுத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்கு மாட்டுவது போல. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அவரும் அந்தப் படகில் போனவராம், பிறகுதான் கேள்விப்பட்டேன். கடலை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார் போலிருக்கிறது.

சாக்ஸைத் துவைத்து எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனோம். மியூசியத்துக்கே ஹென்றி ப்ளாக் பெயர்தான். நண்டு பிடிக்கிறவர், வெயில் காலத்தில் கடற்கரையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விட்டவர். 1894 முதல் 1947 வரை 53 வருஷம் படகில் போயிருக்கிறார், அதில் 38 வருஷம் தலைவராக. அவரும் கூட்டாளிகளும் மீட்ட உயிர்கள் 873. நீச்சல் மட்டும் கடைசிவரை தெரியாது.

1917 ஜனவரிக் கதை முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். இளைஞர்கள் முதல் உலகப் போருக்குப் போய்விட்டார்கள். துடுப்புப் போட மிஞ்சியவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கிரேக்கக் கப்பல் ஒன்றிலிருந்து 16 பேரைக் கரை சேர்த்துவிட்டுக் களைப்பு ஆறுவதற்குள், ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. மறுபடி கிளம்பினார்கள். அலை திருப்பி அடித்தது, துடுப்புகள் ஒடிந்தன. வேறு துடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். இரவில் 11 பேரோடு திரும்பினார்கள். அந்தக் கிழவர்களின் வீட்டில் அன்று யாரெல்லாம் கரையில் நின்றிருப்பார்கள் என்றுதான் என் புத்தி போயிற்று.

அந்த ஊரில் 1804 முதலே படகு இருக்கிறது. 1857இல் ஆர்.என்.எல்.ஐ. என்ற, கடலில் உயிர் காக்கும் தொண்டு அமைப்பு ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்றைக்கும் படகில் போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. பேஜர் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். என் மகனைத் தூக்கி வந்தவரின் விரல்களில் வெள்ளை பெயின்ட் காயக்கூட இல்லை. யார் வீட்டுச் சுவரோ பாதியில் நின்றிருக்கும். எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டேன், சிரித்தார். அங்கே படகு மாதிரியே ஓர் உண்டியல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவசர உதவிக்கு 999ஐ அழைத்த அந்தப் பெண், கடலோரக் காவல்காரர்கள், ஆம்புலன்ஸில் வந்த இருவர், டீ கொடுத்துக் காசு வாங்காத கடைக்காரர், இரவோடிரவாகக் கார் ஓட்டி வந்த நண்பர்கள், சோறு ஆக்கிக் கொண்டுவந்த அக்காமார், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதவேண்டும், எழுதுவேன்.

ஊரில் அம்மா வேளாங்கண்ணிக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறாராம். யாருக்கு மொட்டை என்பதில் மகனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. காற்றடைத்த மிதவையைக் கத்தியால் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று. தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரம் குளம் மாதிரிதான் தெரியும். மிதவை போய்க்கொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், மகனோடு, இந்த வயதில்.

சாக்ஸ் மாட்டிவிட்ட பெரியவரை அந்தச் சனிக்கிழமை பார்க்க முடியவில்லை. பெயர் கேட்க மறந்தவன் நான். வெள்ளை முடி, உயரமானவர் என்றேன். "அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள்" என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. சாக்ஸைக் கொடுத்துவிட்டு வர மனசில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அதுவரை காரிலேயே இருக்கட்டும்.