பழைய ஜாகுவார் வாங்குமுன் பானட்டைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நண்பர் ஒருவர் பழைய ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ் கார் வாங்கப் போகிறார். நல்ல ஆசைதான். என்னிடமும் 1989 மாடல் ஒன்று பதினோரு வருடமாக இருக்கிறது, மோட்டார்வேயில் எழுபது மைலில் போனாலும் இன்ஜின் ஓடுகிற சத்தமே தெரியாது, அந்தச் சுகத்துக்காகத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் விலையை மட்டும் பார்த்து யாரும் இறங்கிவிட வேண்டாம். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, பராமரிப்புச் செலவு இறங்கவில்லை. யானையை வாங்கினால் தீனியும் போட்டாக வேண்டும்.

இது 5.3 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் பெட்ரோல் குழாய்கள் போகின்றன, வண்டியை நிறுத்திய பிறகும் அந்த இடம் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் ரப்பர் குழாய் இறுகி விரிசல் விட்டு, பெட்ரோல் இன்ஜின் மேலேயே சொட்டும். அப்படித் தீப்பிடித்து எரிந்த கார்கள் உண்டு.

என் காரில் ஒருநாள் லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. மெக்கானிக் பின்பக்கக் குழாயை விரலால் வளைத்தார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆறு மாதம் முன்புதான் வேறொரு கராஜில் எல்லாக் குழாயையும் மாற்றியாச்சு என்று பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள், மாற்றியது கண்ணுக்குத் தெரிகிற முன்பக்கக் குழாய்களை மட்டும்! காரில் என் பேத்தியும் வருவாள். இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அதனால் பில்லை நம்பாதீர்கள், மாற்றிய ஒவ்வொரு குழாயையும் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் பெட்ரோல். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பருக்கு அது ஆகாது. காசு கூடினாலும் 5 சதவீதம் வரை மட்டுமே எத்தனால் உள்ள சூப்பர் பெட்ரோலையே போடுங்கள். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இந்த அலுமினிய இன்ஜின் ஒருமுறை அதிகமாகச் சூடானாலே பெரிய செலவு வைத்துவிடும். லண்டனுக்குள் ஓட்டினால், அதிகம் புகை விடும் பழைய வண்டிகளுக்கான புகைக் கட்டணம் வேறு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, 40 வயது தாண்டிப் பழைய வாகனமாகப் பதிவானால்தான் அதிலிருந்து விலக்கு.

சனிக்கிழமை நண்பர் கார் பார்க்கப் போகிறார். டார்ச் லைட்டோடு நானும் கூடப் போகிறேன்.

ஒரு வாசகர்,
ஹாரோ, லண்டன்