ஒய்2கே வெறும் பூச்சாண்டியா?

ஐயா,

2000 பிறந்தபோது ஒன்றும் கவிழவில்லை, ஆகவே ஒய்2கே பயம், அதாவது அந்த ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியில் குழம்பிவிடும் என்ற பயம், வெறும் பூச்சாண்டி என்று இப்பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். விமானமெல்லாம் விழும் என்று கிளப்பிவிட்டது அதிகப்படிதான், சரி. ஆனால் ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல்களில் 99-க்கு அப்புறம் 00 வந்தால், 1935-இல் பிறந்தவரின் வயது 65-க்குப் பதில் மைனஸ் 35 ஆகிவிடும். பென்ஷன் வாங்குகிற பாளையங்கோட்டைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தியதால்தான் தப்பித்தோம். தாமிரபரணிக் கரையைப் பலப்படுத்திய வருஷம் ஊருக்குள் வெள்ளம் வரவில்லை என்றால், கரைக்குப் போட்ட காசு தண்டமா? இதே மாதிரி இன்னொன்றும் இருக்கிறது: பழைய கணினிக் கருவிகளில் 1970 முதல் நொடிகளை எண்ணும் 32 பிட் (32 இரும இலக்க) கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பப் போகிறது; அதற்கு மேல் எண்ண இடமில்லாமல் தேதி தவறிவிடும். பழைய கருவிகளை இப்போதே பார்க்கத் தொடங்கட்டும்.

வாசகர், திருநெல்வேலி நகரம்