கார்டுக்கும் கார்டுக்கும் நடுவில்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. கிட்டார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, பத்து கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் விரல் பிடி) மனப்பாடம், ஆனால் ஒரு பாட்டைக்கூட நிற்காமல் வாசிக்க வரவில்லை என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பத்துதான் வினை. உனக்கு வந்திருப்பது கைவடிவம். பாட்டு ஓடுவதோ ஒரு வடிவத்தை விட்டு அடுத்ததைப் பிடிக்கும் அந்த அரை நொடியில். அங்கேதான் தடுக்கி நிற்கிறாய். தனியாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பயிற்சி செய்வதே இல்லை.

ஆகவே, ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி இந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒரு மாதம் மறந்துவிடு. தினமும் ஒரு ஜோடி எடு. முதலில் ஏ மைனரும் சியும். (ஃபிரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை. கம்பிகளில் மெல்லியது 1, தடித்தது 6.) இரண்டுக்கும் ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பியின் முதல் ஃபிரெட்டிலும், நடுவிரல் 4ஆம் கம்பியின் 2ஆம் ஃபிரெட்டிலும்தான் இருக்கின்றன. நகர வேண்டியது மோதிர விரல் மட்டும். அப்படியிருக்க மூன்று விரலையும் தூக்கிவிட்டு முதலிலிருந்து தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஜியை நான்கு விரலால் பிடித்தால் அங்கிருந்து டிக்குப் போகும்போதும் மோதிர விரல் 2ஆம் கம்பியின் 3ஆம் ஃபிரெட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். எந்த ஜோடியை எடுத்தாலும் எந்த விரல் அசைய வேண்டாம் என்று முதலில் பார்.

கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை மாறினாய் என்று எண்ணி, நோட்டில் எழுது. நிமிடத்துக்கு 60 தாளத் தட்டு வேகம், நாலு தட்டுக்கு ஒரு கார்டு என்றால் நிமிடத்தில் 15 மாற்றம் தேவை. 15 மட்டும் வந்தால் பாட்டில் திணறுவாய். 30 வந்தால் மூச்சுவிட இடம் இருக்கும். கர்ரென்று இரைந்ததைக் கணக்கில் சேர்க்காதே.

சிக்கு மாறும்போது ஆள்காட்டி விரலை முதலில் வைத்துவிட்டு மற்றதைத் தேடுகிறாய் என்று ஊகிக்கிறேன். கீழ்நோக்கி வாசிக்கும்போது கை முதலில் தொடுவது தடித்த கம்பிகளை. அதனால் 5ஆம் கம்பிக்குரிய மோதிர விரல் முதலில் போய்ச் சேரட்டும். மற்றவை ஒரு கணம் பிந்தினாலும் காதுக்குத் தெரியாது. இதோடு, கார்டைப் பிடித்து, விரல்களை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கு. பத்து முறை. பார்க்க அற்பமாகத்தான் இருக்கும்.

வலது கை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. இடது கை தயாராகவில்லையா, வெறும் கம்பியையே தட்டிவிட்டுப் போ. நான்காம் தட்டின் பின்பாதியில் விரலை எடுத்து வெறும் கம்பி ஒலிக்க விடுவதைத் தேர்ந்தவர்களும் செய்வார்கள். தாளம் அறுந்தால்தான் கேட்பவருக்கு உறுத்தும், ஒரு கார்டு அரைகுறையாக விழுந்தால் அல்ல. ஸ்ட்ரம்மிங்கை, அதாவது வலது கையால் கம்பிகளை மேலும் கீழும் வருடுவதை, தனியே பழகும்போது இடது கையைக் கம்பிகள் மேல் மெத்தென்று வைத்து ஒலியை அடக்கிவிடு. "ஒண்ணு-அன்-ரெண்டு-அன்" என்று வாய்விட்டுச் சொல். எண்ணுக்குக் கை கீழே, 'அன்'னுக்கு மேலே. தட்டாத இடத்திலும் கை காற்றில் அசைந்தபடி இருக்க வேண்டும். மெட்ரோனோமை, அதாவது தாளம் தட்டும் கருவியை, 60இல் தொடங்கு. ஐந்து முறை பிசகாமல் வந்தால் 4 கூட்டு. பிசகினால் 10 குறை. தவறாக வேகமாய் வாசித்தால் விரல் அந்தத் தவறையே படித்துக்கொள்ளும், பிறகு அதை அழிக்க இரட்டை வேலை.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தினம் 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வது இதற்கு ஈடாகாது. நடுவில் ஆறு நாள் விட்டால் விரல்நுனி மறுபடி மென்மையாகிவிடும், கையும் பாதியை மறந்துவிடும். சுருதி சேர்க்க இரண்டு நிமிடம், கார்டு மாற்றம் ஐந்து, தாளம் ஐந்து, மீதி நேரம் பாட்டு. பாட்டு வாசிக்காத நாள் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் பயிற்சியே கசந்துவிடும். கிட்டாரைப் பையில் மூடி வைக்காமல் கண்ணில் படும்படி ஸ்டாண்டில் வை. ஜிப்பைத் திறக்கும் சோம்பலிலேயே பல நாள் போய்விடும்.

சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்று. தாண்டிவிட்டால் நன்றாகத் தளர்த்தி மறுபடி ஏற்று. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியில் இருக்கும் தளர்வால் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். ட்யூனர் சரி என்று காட்டியும் சி கார்டு அபஸ்வரமாக ஒலிக்கிறது என்கிறாய். அளவுக்கு மீறி அழுத்துகிறாய். கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. விரல் ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருந்தால் பாதி பலம் போதும். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருந்தால் இரையாமல் இருக்கக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும்.

விரல்நுனி வலி சில வாரங்களில் தானே போகும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கியிருக்கும், அல்லது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அளவுகோலை எடுத்து 12ஆம் ஃபிரெட்டின் மேல் 6ஆம் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. மூன்றைத் தாண்டினால் குற்றம் உன் விரலில் இல்லை; சரிசெய்பவரிடம் கொடுத்து இறக்கச் சொல். அதுவரை 2ஆம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) மாட்டிப் பழகலாம், கம்பி தாழ்ந்து கை இலகுவாகும்.

ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் எஃப் கார்டோடு மல்லுக்கட்ட இப்போது அவசரம் இல்லை. ஆசை விடவில்லை என்றால் அதே வடிவத்தை 5ஆம் ஃபிரெட்டில் பிடித்துப் பார். கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டுக்குப் பக்கத்தில்தான் கம்பி மிகவும் முறைக்கும். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டியதில்லை. 6, 2, 1 மூன்றும் ஒலித்தால் போதும், மற்றதை மீதி விரல்கள் பார்த்துக்கொள்ளும். விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே புரட்டு, அந்த ஓரம்தான் கெட்டி.

அடுத்த கடிதத்தில் ஏ மைனர்–சி கணக்கை எழுது, முதல் நாள் எண்ணையும் பதினான்காம் நாள் எண்ணையும். முதல் நாள் எண் எட்டுக்குக் கீழே இருந்தாலும் மறைக்காதே.

அன்புடன்,
முரளி