ரயில் பாதைக்கு நிலம் போனவர்களின் பெயர்களைத் தேட உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

கண்ணமங்கலம், கணியம்பாடி, பெண்ணாத்தூர், வேலூர், காட்பாடி என்று நம் பாதை போகும் ஊர்களில், வெள்ளைக்காரர் காலத்தில் ரயிலுக்காக யார் யாருடைய நிலம் போனது, அதற்காக யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று திரட்டி வந்த தொகுப்பு ஒரு வழியாக முடியும் நிலைக்கு வந்திருக்கிறது. அட்டையில் என் பெயர் இருந்தாலும் இது நான் ஒருத்தி செய்த வேலை இல்லை. உதவியவர்களில் பலர் "என் பேர் வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரையும் எழுதாமல், செய்த உதவியை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஊழியர்களுக்கு. நம் ஊர்க் காகிதங்களை வேலூர் என்ற பெயரில் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆர்க்காட்டுக் கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், சித்தூரில்தான் இருந்தது. ரயில்வே என்று தேடினாலும் போதாது. அங்கே இன்டெக்ஸ் பகுதியில் இருந்த ஒருவர், "ரயில்வே கட்டை அப்புறம் பார்க்கலாம் மேடம், முதலில் ரெவின்யூ போர்டு நடவடிக்கைகளைப் பாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழி திறந்தது.

ஏன் அப்படி என்று சொல்ல வேண்டும். மதராஸ் ரயில்வே கம்பெனிக்கு அரசு கொடுத்த வாக்குறுதி இரண்டு: போட்ட முதலுக்கு ஏறத்தாழ 5 சதவீத வட்டி உத்தரவாதம், பாதைக்கு வேண்டிய நிலம் இலவசம். வட்டி குறைந்தால் ஈடு கட்டியதும் நிலத்துக்கு விலை கொடுத்ததும் இந்த நாட்டு வரிப்பணம்தான். அதனால் நிலம் வாங்குவது கம்பெனியின் வேலையாக இல்லை, அரசின் வேலையாக இருந்தது. கம்பெனி எஞ்சினியர் இவ்வளவு நிலம் வேண்டும் என்று எழுதுவார். அரசின் சார்பில் ரயில்வேயை மேற்பார்த்த ஆலோசனை எஞ்சினியர் அதைப் பார்ப்பார். பிறகு அது ரெவின்யூ போர்டு என்கிற வருவாய் வாரியத்துக்குப் போய், கலெக்டருக்கு இறங்கி, தாசில்தார் வழியாகக் கடைசியில் ஊர் மணியக்காரரிடமும் கணக்குப்பிள்ளையிடமும் வந்து நிற்கும். பதிலும் அதே படிகளில் ஏறிப் போகும். மேலே போகப் போக மைல் கணக்கும் ரூபாய்க் கணக்கும்தான் மிஞ்சும். மனிதர்களின் பெயர் இருப்பது கீழ்ப்படிக் காகிதங்களில். அந்தக் கீழ்ப்படிக் காகிதங்களை அலுக்காமல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு, தூசியில் இருமிக்கொண்டே கட்டுகளை அவிழ்த்துக் கட்டிய உதவியாளர்களுக்கு, என் மனமார்ந்த நன்றி.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1ஆம் தேதி மதராஸ் ரயில்வேயின் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த நிலையத்துக்கு அன்று ஆர்க்காடு என்று பெயர். அடுத்த ஆண்டே பாதை காட்பாடியைத் தொட்டுவிட்டது. ஆனால் மதராஸ் மாகாணத்தின் நவீன நில அளவை தொடங்கியது 1858இல்தான். அதாவது, காட்பாடிப் பக்கம் இந்த முதல் பாதைக்கு எடுத்த நிலத்துக்கு இன்று நாம் சொல்கிற சர்வே எண் கிடையாது. செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம், மட்டும்தான்: கிழக்கே ஏரிக்கரை, தெற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னாருடைய கொல்லை. அளவும் காணிக் கணக்கில் வரும். ஒரு காணி 1.32 ஏக்கர் என்று நான் சூத்திரமாக எழுதி வைத்திருந்தேன். ஐயாவோ நேரில் வந்து ரயில் கரையோரமாக நடந்து, ஏரி எது, பழைய வண்டிப்பாதை எது என்று இடம் காட்டினார். வெயிலில் வர வேண்டாம் என்று வீட்டில் தடுத்தும் வந்தார்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்கு வந்த மீட்டர்கேஜ் பாதை வேறு கதை. அது தென்னிந்திய ரயில்வேயுடையது, 1891 வாக்கில் வந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆர்க்காடு பட்ட பாட்டை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, வறண்ட பகுதிகளுக்குத் தானியம் போய்ச் சேர ரயில் பாதைகளை நீட்ட வேண்டும் என்று 1880இல் பஞ்ச ஆணையம் சொன்னது. அந்தக் காலத்து வேகத்தில் வந்த பாதைகளில் நம்முடையதும் ஒன்று. பாலாற்றுக்கு வடக்கே காட்பாடியில் இறங்கி ஆற்றைக் கடந்து வர வேண்டியிருந்த வேலூர் நகரத்துக்கு, இந்தப் பாதை வந்தபோதுதான் ஊருக்குள் நிலையம் கிடைத்தது. இதற்குள் சர்வே எண்கள் வந்துவிட்டன, ஆகவே வேலை சுலபம் என்று நினைக்கலாம். பின்னாளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆரில் உட்பிரிவுகள் மாறியதால் அதுவும் சுலபமாக இல்லை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்தி எழுதிக் கொடுத்தவரும் அதே சர்வேயர் ஐயாதான்.

வேலூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. நிலம் எடுப்பதற்கான பழைய சட்டங்களை அவர்தான் விளக்கினார். 1857ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலை ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தர்கள் சொல்வதே முடிவு. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தில் கலெக்டர் அதைக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், கட்டாயமாக எடுப்பதற்காகச் சந்தை விலைக்கு மேல் 15 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மீட்டர்கேஜ் பாதைக் காகிதங்களில் வருகிற தொகைகளை இது தெரியாமல் படித்தால் ஒன்றும் புரியாது. நிலம் இரண்டாகத் துண்டுபட்டால் மிச்ச நிலத்துக்கு வரும் நஷ்டத்தையும் கணக்கில் எடுக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது என்பதையும் தம்பிதான் எடுத்துச் சொன்னார். சட்டத்தில் இருந்தது நல்ல விஷயம். ஆனால் சித்தூருக்கு மாட்டு வண்டி கட்டிப் போய் வாதாடும் வசதி எத்தனை குடியானவர்களுக்கு இருந்திருக்கும்?

துண்டுபட்ட நிலம் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தவர் கணியம்பாடிப் பக்கத்து ஆயா ஒருவர். அவருடைய மாமனார் வழியில் சொல்லி வந்த கதை இது. கிணறு பாதைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, கழனி இந்தப் பக்கம். கவலை ஓட்டி, அதாவது மாடு கட்டி, இறைத்த தண்ணீர் கரையைத் தாண்டி வர வழியில்லை. புதுக் கிணறு வெட்டும் வரை நெல் வைக்காமல் கேழ்வரகு போட்டுச் சமாளித்தார்களாம். இந்த விவரம் எந்தக் கடிதத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயா, நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதை உங்கள் வார்த்தையிலேயே தொகுப்பில் சேர்த்திருக்கிறேன்.

டிரங்குப் பெட்டிகளைத் திறந்து காட்டிய குடும்பங்களுக்கு நன்றி. நிலம் போன பிறகு தீர்வை (நிலவரி) குறைத்து எழுதிய பட்டாக்களைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள். நிலப் பத்திரத்தை வெளியாள் கையில் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். அதை மீறி என்னை நம்பினீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நஷ்டஈட்டு அட்டவணைகளில் நான் பார்த்தவை எல்லாம் பட்டாதாரர் பெயர்கள். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர்கள், தானியக் கூலிக்குப் படியாளாக இருந்தவர்கள், கரைக்கு மண் சுமந்தவர்கள் அவற்றில் இல்லை. அவர்களும் அந்த நிலத்தில்தான் பிழைத்தார்கள். காலனிப் பெரியவர்கள் மூன்று பேர், எந்தத் தோப்பு போனதால் யாருக்கு வேலை போனது, எந்தக் குடும்பம் கூலிக்காக ரயில் வேலையோடு ஊர் ஊராகப் போனது என்று மாலை நேரங்களில் உட்கார்ந்து சொன்னார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தொகுப்பு நிலம் வைத்திருந்தவர்களின் பட்டியலாக மட்டும் நின்றிருக்கும். அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன், எந்த மதகு எந்த ஏரிக்கால்வாய்க்காக விட்டது என்று வரிசையாகச் சொன்னார். கரை போட மண் எடுத்த பள்ளங்கள், இப்போது மழைக்குத் தண்ணீர் நிற்கும் குட்டைகள், அவையும் கணக்கில் வர வேண்டும் என்று நினைவூட்டியவர் அவர்தான். அகலப்பாதை வேலையில் பழைய மதகுகள் சில மாறிவிட்டன. அவர் நினைவில் இருந்தவற்றை வரைபடத்தில் குறித்துவிட்டோம். அந்த வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தது என் பழைய மாணவி. காசு வாங்க மறுத்துவிட்டாள். சித்தூர்க் கச்சேரியிலிருந்து வந்த தெலுங்குக் குறிப்புகளைப் படித்துச் சொன்ன ஆசிரியை அம்மாவுக்கும் தனியாக நன்றி. போனிலேயே எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

தொகுப்பின் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் வைக்கிறோம். பெயர் வந்திருக்கும் குடும்பங்களுக்கு அவரவர் பக்கத்தை நகலெடுத்து நானே கொண்டுவந்து தருகிறேன். ஆற்றுக்கு வடகரையில், விருதம்பட்டுப் பக்கத்துப் பக்கங்கள் மட்டும் இன்னும் நிரம்பவில்லை. அந்தப் பக்கம் பழைய பட்டாவோ, ரசீதோ, சொல்லி வந்த கதையோ வைத்திருப்பவர்கள் தெரியப்படுத்துங்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு போக மாட்டேன், உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கொடுத்துவிடுவேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
கணியம்பாடியிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை